அழிந்தது தமிழ் மட்டும்

கொஞ்சம் தள்ளி உட்காருங்க சார். இந்தப் பை உங்களுதா? மடியில வெச்சுக்குங்க. மெடிக்கல் ரெப்தானே நீங்க? இல்லையா? சரி, இல்லைன்னா இல்லை. சட்டையை உள்ளே விட்டு, கறுப்புப் பையைத் தூக்கிக்கிட்டு, இந்த வெயில்ல சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிற மனுஷனை வேற என்னன்னு நினைக்கிறது? ஆளை எடை போடுறதுல நான் சறுக்கினதே இல்லை. நீங்க ஏதோ விதிவிலக்கு.

இந்த வண்டி திருமங்கலத்துக்குள்ளே போகுமா, பைபாஸ்லயே தள்ளி விட்டுருவானா? கண்டக்டர் போகும்னுதான் சொன்னான். ஆனா என் முகத்தைப் பார்த்துச் சொல்லலை. கவனிச்சீங்களா? டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தான்னு சொல்லாதீங்க. முகம் பார்க்காம பதில் சொல்றவன் எதையோ மறைக்கிறான். பைபாஸ்தான், பாருங்க.

என் பேரு தனுஷ்கோடி. வெஸ்ட்மினிஸ்டர் ஸ்போக்கன் இங்கிலீஷ். கேள்விப்பட்டதில்லையா? அப்ப நீங்க சாத்தூர்க்காரர் இல்லை. நீராத்திலிங்கம் அண்ணாச்சியோட வத்தல் கமிஷன் கடை இருக்கு பாருங்க, அதுக்கு மேல்மாடி. முன் ரூம்ல கிளாஸ், பின் ரூம்ல குடித்தனம். கீழே பின்பக்கம் அண்ணாச்சி வீடு. கீழே மிளகாய் மூட்டை பிரிச்சா மேலே கிளாஸே தும்மும். ஆரம்பத்துல எனக்கு அது தெரியாது. நான் பாஸ்ட் டென்ஸ்னு வாயைத் திறந்தா பின் பெஞ்சுல ரெண்டு பேர் தும்முவானுங்க. நக்கல் பண்றானுங்கன்னு ரெண்டு பேரையும் கிளாஸை விட்டே அனுப்பிட்டேன். அப்புறம் நானும் தும்மினேன். அதுக்காக அனுப்பினது தப்புன்னு சொல்ல முடியுமா? அவனுங்க மூஞ்சியே, இதுக்கில்லைன்னா வேற எதுக்காவது அனுப்ப வேண்டிய மூஞ்சி.

திருமங்கலத்துல என் மச்சினன் வீடு. என் வீட்டம்மா அங்கேதான் இருக்கா. கூட்டிட்டு வரப் போறேன். இந்தப் பொட்டலம் காராச்சேவு. மச்சினனுக்கு இல்லை, அவளுக்கு. இந்தாங்க, ஒரு பிடி எடுத்துக்குங்க. அட, எடுங்க.

ஏன் கோவிச்சுக்கிட்டுப் போனாங்கன்னு கேட்கிறீங்க. கேட்கலையா? கேட்கிற மாதிரி பார்த்தீங்களே. சரி, சொல்றேன். எல்லாத்துக்கும் காரணம் ஒரு போர்டு.

சாயந்தரம் கிளாஸ் முடிஞ்சதும் மாடிப்படி அடியில, தரையில ஒரு கரும்பலகையைச் சுவத்துல சாய்ச்சு வைப்பேன். மேலே இங்கிலீஷ்ல ஒரு இடியம், அதாவது மரபுத்தொடர், கீழே தமிழ்ல அதுக்கு விளக்கம். மறுநாள் காலையில பால் வாங்க வர்றவன், கடைக்கு வர்றவன், ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க எல்லாரும் வாசிப்பாங்க. விளம்பரமும் ஆச்சு, சேவையும் ஆச்சு. ஆனா எங்க தெருவுல தரையில போர்டு வெச்சா அது கட்சிக்காரன் போர்டுதான். எதிர்க்கட்சியைத் திட்டி நாலு வரி எழுதியிருப்பான், அதை வாசிச்சுட்டுத்தான் டீயே குடிப்பாங்க. அந்தப் பழக்கத்துல என் போர்டையும் அப்படியே வாசிச்சாங்க. இன்னிக்கு வாத்தியார் யாரைத் திட்டியிருக்கார்னு.

நான் இடியம் எல்லாத்தையும் பாடம் பாடமா பிரிச்சு வெச்சிருக்கேன். சாப்பாடு பத்தின இடியம் ஒரு பாடம், கோபம் பத்தி ஒரு பாடம். போர்டு வைக்க ஆரம்பிச்ச மாசம் வந்த பாடம், விசாரிக்காம அடுத்தவன் மேல பழி போடுறது. வெள்ளைக்காரன் இதுக்கு மட்டும் எத்தனை வெச்சிருக்கான் தெரியுமா சார்? ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ். பாயிண்ட் தி ஃபிங்கர். ஜம்ப் தி கன். ஒரு ஊர்க்காரன் ஒரு விஷயத்துக்கு இத்தனை சொல் வெச்சிருந்தா, அந்த வேலையை அவன் அவ்வளவு பார்த்திருக்கான்னு அர்த்தம். கங்காரு கோர்ட்னு ஒண்ணு இருக்கு. முன்னாடியே தீர்ப்பு எழுதி வெச்சுட்டு விசாரிக்கிற மாதிரி நடிக்கிறது. அதுல கங்காரு எங்கே வந்துச்சுன்னு ஒரு பொண்ணு கேட்டா. சொல்லிக்கொடுக்கிறப்ப குறுக்கே பேசாதேன்னேன். எனக்கும் தெரியாது.

முதல் நாள் ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ் எழுதி வெச்சேன். கீழே, தீர விசாரிக்காமல் முடிவுக்குத் தாவுதல். எனக்குக் காலையில எட்டு மணிக்கு முன்னாடி கண்ணு திறக்காது. எந்திரிச்சு இறங்கி வந்து பார்க்கிறேன், இங்கிலீஷ் அப்படியே இருக்கு. தமிழைக் காணோம். சுத்தமா துடைச்ச மாதிரி. மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். மேல்பாதி பளிச்சுன்னு இருக்கும், கீழ்ப்பாதி கறுப்பா, ஈரமா கிடக்கும்.

யோசிங்க சார். எவனோ ஒருத்தன் இங்கிலீஷை விட்டுட்டுத் தமிழை மட்டும் அழிக்கிறான்.

நம்ம ஊர்ல போர்டுல அழியறது எப்பவுமே மத்த மொழிதான். தமிழை விட்டுட்டு மத்ததைத் தார் பூசி அழிப்பானுங்க. இங்கே தலைகீழா நடக்குது. அப்ப இது கட்சிக்காரன் வேலை இல்லை. பக்கத்துத் தெரு ரிட்டயர்டு தமிழ் ஐயா வேலையும் இல்லை, அவர் அழிச்சிருந்தா மேல்பாதி போயிருக்கும். இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள். தமிழ் விளக்கம் தேவைப்படாத ஆள். என் தமிழைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள். அப்படி அந்தக் காம்பவுண்டுல யார் இருக்கா? ஒரே ஒருத்திதான்.

அண்ணாச்சியோட மருமக, மதுமிதா. மெட்ராஸ் பொண்ணு, கான்வென்ட் படிப்பு. வீட்டுல இருந்தே லாப்டாப்புல வேலை பார்க்கிறா. நாள் முழுக்க அமெரிக்காக்காரன்கூட பேசுறா. ஒரு தடவை படியில நிறுத்தி, "அங்கிள், ஸ்கேப்கோட்டுக்குப் பலியாடுன்னு போட்டிருக்கீங்க, பழியைச் சுமக்கிற ஆடுன்னு போட்டா இன்னும் சரியா இருக்கும்ல?" அப்படின்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. சிரிச்சுக்கிட்டே குறை சொல்றவங்ககிட்டத்தான் ஜாக்கிரதையா இருக்கணும். சிரிக்காம சொல்றவனும் மோசம்தான், அது வேற.

சரி, மோட்டிவ் கிடைச்சாச்சு. ஆதாரம் வேணும். ஒரு நாள் ஆறு, ஆறரை மணிக்குத் தாகம் எடுத்து எந்திரிச்சேன். ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கிறேன், அந்தப் பொண்ணு என் போர்டுக்குப் பக்கத்துல குனிஞ்சு நிக்கிறா. கூட என் வீட்டம்மாவும் நிக்கிறா. அவ தினம் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, வாளித் தண்ணியை எடுத்துக்கிட்டுப் போய் வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுருவா. படிக்கட்டு வாசல், கடை வாசல், அண்ணாச்சி வீட்டு வாசல் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே வீச்சா தெளிப்பா. அவ கைவீச்சு பெரிசு. சைக்கிள்ல போறவன்கூட ஒதுங்கித்தான் போவான். அது கிடக்கட்டும். நான் விறுவிறுன்னு கீழே இறங்கினேன். அந்தப் பொண்ணு விரலைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெள்ளை.

வெள்ளைக்காரன் இதை ரெட் ஹேண்டட்னு சொல்வான், சிவப்புக் கையோட பிடிபடுறது. நான் பிடிச்சது வெள்ளைக் கை.

"இது என்ன?"ன்னு கேட்டேன்.

"கோலமாவு அங்கிள். அக்கா கத்துக் கொடுக்கிறாங்க"ன்னா.

என் வீட்டம்மாவும், "கோலமாவுதாங்க"ன்னா.

முப்பது வருஷம் சாக்பீஸ் பிடிச்ச கை சார் இது. எனக்கு வெள்ளைப்பொடியைப் பத்திப் பாடம் எடுக்கிறாங்க. சரின்னு மேலே வந்துட்டேன். பதிலைப் போர்டுல சொல்லுவோம்னு முடிவு பண்ணினேன். அன்னிக்குச் சாயந்தரம் காட் ரெட் ஹேண்டட். கீழே, குற்றம் செய்யும்போதே கையும் களவுமாகப் பிடிபடுதல், ஒரு கோடு போட்டு, படித்தவர்களும் விதிவிலக்கல்லர். மறுநாள் கீழ்ப்பாதி காலி. குத்தம் செய்யாதவ அதை ஏன் அழிக்கணும்? சொல்லுங்க. இதைவிட வேற வாக்குமூலம் வேணுமா?

விருதுநகர் வந்துருச்சு. வெள்ளரிப்பிஞ்சு வாங்கலையா? வேணாமா, சரி. அந்தக் கூடைக்காரி முன்னாடி சீட்டுக்காரனுக்கு நல்ல பிஞ்சாப் பார்த்துக் கொடுத்தா, எனக்கு முத்தினதைக் கொடுத்திருப்பா. நான் வாங்கலை. வாங்கியிருந்தா அப்படித்தான் கொடுத்திருப்பா.

எங்கே விட்டேன்? ஆங், நாய். அண்ணாச்சி விவகாரத்துக்கு வர்றேன்.

பார்க்கிங் அப் தி ராங் ட்ரீன்னு ஒரு இடியம். தப்பான மரத்தைப் பார்த்துக் குரைக்கிறது. வேட்டை நாய் அணில் ஏறின மரத்தை விட்டுட்டு வேற மரத்தடியில நின்னு குரைக்குமாம். அதாவது, குத்தவாளி ஒருத்தன் இருக்க இன்னொருத்தனைப் பிடிக்கிறது. நான் கீழே விளக்கத்தை ரெண்டு வரியா எழுதியிருந்தேன். முதல் வரி, மரத்தடியில் நின்று குரைக்கும் நாயைப் போல. ரெண்டாவது வரி, தவறான ஆளைச் சந்தேகித்தல். காலையில முதல் வரி மட்டும் தப்பிச்சுது. அதுலயும் "போல" போயிருச்சு. எங்க கடை வாசல்ல ஒரு வேப்பமரம் இருக்கு. அண்ணாச்சி தினமும் அதுக்கடியில நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, செல்போன்ல வத்தல் விலையைச் சத்தம் போட்டுப் பேசுவார். அவருக்கு மெதுவாப் பேச வராது.

எட்டு மணிக்கு நான் இறங்கி வர்றேன், கடை வாசல்ல கூட்டம். மூட்டைத் தூக்குறவங்க எல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாங்க. அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரே, மரத்தடியில நின்னு குரைக்கும் நாய். யாரு அது?"

"அது இங்கிலீஷ் நாய் அண்ணாச்சி"ன்னேன்.

"இங்கிலீஷ் நாய்க்கு எங்க வேப்பமரத்தடியில என்ன சோலி? வாடகைக்கு இருக்கீக, ஒரு மரியாதை வேணாமா? நான் சத்தமாப் பேசுறது பிடிக்கலைன்னா நேர்ல சொல்லணும். போர்டுல எழுதுறதா?"

இதைத்தான் சார் நான் சொல்றேன். பாதியை வாசிச்சுட்டு ஒரு மனுஷன் முடிவுக்கு வந்துட்டார் பாருங்க. விசாரிக்க வேணாமா? எனக்கு அதுதான் தாங்கலை. வாழ்நாள் முழுக்க இதைத்தான் போதிச்சுட்டு இருக்கேன், என் மேலயே பழி போட்டுட்டார். அதனால எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்ல வேண்டியதாப் போச்சு. "அண்ணாச்சி, மீதி வரியை அழிச்சது உங்க மருமக. தினமும் அழிக்கிறா. என்கிட்ட ஆதாரம் இருக்கு"ன்னு சொன்னேன்.

அந்தப் பொண்ணு காதுல ஹெட்போனோட வாசல்ல வந்து நின்னா. கத்துவா, அழுவா, ஏதாவது பண்ணுவான்னு பார்த்தேன். ஒண்ணுமில்லை. "நான் அழிக்கலை அங்கிள். நான் தினமும் அதை ஆசையா வாசிக்கிறேன்"ன்னு மட்டும் சொல்லிட்டு உள்ளே போயிட்டா. அவ்வளவு நிதானம் அப்பாவிக்கு வராது சார். அண்ணாச்சி என்னைக் காலி பண்ணச் சொல்லிக் குதிச்சார். அவதான் உள்ளே கூப்பிட்டு, வேணாம் மாமா, அக்காவுக்காக விட்டுருங்கன்னு சொல்லியிருக்கா. எனக்காக ஏன் பரிஞ்சு பேசணும்? மனசுல ஏதோ உறுத்தாம அப்படிப் பேசுவாங்களா?

இதுவரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. மாடிக்கு வந்தேன். என் வீட்டம்மா, பேரு சீனியம்மாள், அடுப்பை அணைச்சுட்டு என் முன்னாடி வந்து நின்னா.

"ஏங்க, அது நான் தெளிக்கிற தண்ணி. போர்டு மேல தெறிச்சு அழிஞ்சிருக்கு. நானே இன்னிக்குத்தான் அந்த நாய் வரிக்குக் கீழே தண்ணி பட்டதைக் கவனிச்சேன். அந்தப் பிள்ளையைப் போய் ஊர் முன்னாடி இப்படிச் சொல்லிட்டீகளே"ன்னா.

நான் ஒரு நிமிஷம் அசந்துட்டேன். என்ன பெரிய மனசு பாருங்க. அடுத்தவ பழியைத் தன் தலையில போட்டுக்கிறா. இதுக்கும் ஒரு இடியம் இருக்கு, டேக் தி ராப். அடுத்த வாரப் பாடம். நான் சொன்னேன், "சீனி, தண்ணின்னா எல்லாத்தையும்தானே அழிக்கணும். தண்ணிக்கு இது தமிழ், இது இங்கிலீஷ்னு தெரியுமா?" அவ ஈரக் கையைச் சேலையில துடைச்சுக்கிட்டா. வாதத்துல என்னை ஜெயிக்க முடியாது.

அதோட விட்டிருக்கலாம். ஆனா உண்மைன்னு வந்துட்டா பாதியில நிறுத்த முடியாதில்லையா. அந்தப் பொண்ணு அவளுக்கு அப்பப்ப கேக் கொடுப்பா, ஒரு தடவை கைப்பை ஒண்ணு கொடுத்தா. காலையில ரெண்டு பேரும் வாசல்ல உட்கார்ந்து குசுகுசுன்னு பேசுவாங்க. அதனால, "நீ ஒரு துண்டு கேக்குக்கு விலை போயிட்டே"ன்னு சொன்னேன். சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

அவ அழலை. பீரோவைத் திறந்து துணியை எடுத்து அந்தக் கைப்பையில வெச்சா. "கல்யாணம் ஆகி வந்த வருஷம் உங்க பேனா காணாமப் போச்சு. எங்க அண்ணன் எடுத்துட்டாருன்னீக. அப்புறம் அது உங்க கோட்டுப் பையிலயே இருந்துச்சு. அன்னிலேருந்து இன்னிக்கு வரைக்கும் நான் சொன்ன ஒரு சொல்லையாவது நம்பியிருக்கீகளா? அந்தப் பிள்ளைகிட்ட நேர்ல போய், தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. சொன்னதுக்கு அப்புறம் என்னைக் கூப்பிடுங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிப் போயிட்டா.

பேனா கோட்டுப் பையில இருந்துச்சு, வாஸ்தவம். அவ அண்ணன் எடுத்துத் திருப்பி வெச்சிருக்கலாம்ல?

இப்ப முக்கியமான விஷயத்தைக் கேளுங்க. அவ போன மறுநாள்லேருந்து போர்டுல ஒரு எழுத்து அழியலை. ஒரு புள்ளிகூட அழியலை. தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் அப்படியே. ஊர் முன்னாடி நான் சொன்ன சொல் வேலை செஞ்சிருக்கு, அந்தப் பொண்ணு பயந்துட்டா. வாசல்தான் பார்க்கச் சகிக்கலை. தெளிக்க ஆள் இல்லாம காய்ஞ்சு கிடக்கு. வத்தல் தூசியும் வேப்பிலையுமா. காய்ஞ்ச வாசல்ல என் போர்டு மட்டும் பளபளன்னு நிக்குது. நான் ஜெயிச்சுட்டேன் சார். ஆனா சாப்பாடு சரியில்லை. மெஸ்ல சாப்பிடுறேன். சாம்பார்ல சோடா உப்பு போடுறான். காலையில எட்டு மணிக்கு எந்திரிச்சா வீடு எனக்கு முன்னாடியே எந்திரிச்ச மாதிரி இல்லை. நானும் அதுவும் சேர்ந்தே எந்திரிக்கிறோம். அது ஒரு மாதிரி இருக்கு.

அதனால நானே இறங்கி வந்தேன். நேர்ல போய்ச் சொல்ல வரலை. போர்டுலயே எழுதிட்டேன். கிவ் தி பெனிஃபிட் ஆஃப் தி டவுட். கீழே, போதிய ஆதாரம் இல்லாத காரணத்தால் எச்சரித்து விடுவித்தல். இதுக்கு மேல ஒரு மனுஷன் எப்படி மன்னிப்புக் கேட்கிறது?

இருங்க, போன் அடிக்குது. அவதான். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்க கேட்காத மாதிரி உட்காருங்க.

ஹலோ, சீனியா. ஆமாம், பஸ்லதான். கள்ளிக்குடி தாண்டியாச்சு. காராச்சேவு வாங்கியிருக்கேன். ஆங், சொல்லிட்டேன். இல்லை, நேர்ல இல்லை, போர்டுல. பெனிஃபிட் ஆஃப் தி டவுட். அதுக்கு அர்த்தம் என்னன்னா... தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும்? சரி, அதை விடு. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டு ரெடியா இரு, அடுத்த பஸ்லயே... ஹலோ. ஹலோ.

வெச்சுட்டா. கேட்டீங்கல்ல சார்? "டோண்ட் ஜம்ப் டு கன்க்ளூஷன்ஸ். நான் வர்றேன்னு யாரு சொன்னது?" எவ்வளவு சுத்தமா வந்துச்சு பார்த்தீங்களா? ஒன்பதாங் கிளாஸோட நின்னவ. எத்தனையோ பசங்களுக்குக் கத்துக் கொடுத்தேன், ஒருத்தனுக்கும் அந்த உச்சரிப்பு வரலை. எங்கே கத்துக்கிட்டா? நான் கத்துக் கொடுக்கலை. அவ கேட்டதும் இல்லை. போர்டைப் பார்த்துக் கத்துக்கிட்டான்னா, தமிழ்தான் அழிஞ்சு போச்சே, அர்த்தம் யாரு சொல்லியிருப்பா?

தெரிஞ்சு போச்சு. என் மச்சினன்தான். அவன் பெங்களூருக்கு லாரி ஓட்டினவன்.

என்ன சார்? என்னமோ கேட்டீங்களே? போர்டு அப்ப தரையிலதானே நின்னுச்சுன்னா? ஆமாம், தரையிலதான். இங்கிலீஷ் மேலே, தமிழ் கீழே, ஆமாம். தண்ணி வீசினா கீழ்ப்பாதியிலதான் தெறிக்கும்... அப்படின்றீங்க.

ம்.

நீங்க எங்கே இறங்கணும்? திருமங்கலமா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நேரம் என் பேச்சையெல்லாம் வாங்கிக்கிட்டு, கடைசியில அவ சொன்னதையே சொல்றீங்க. என் மச்சினன் அனுப்பின ஆள்தானே நீங்க? பையைப் பார்த்தப்பவே நினைச்சேன், இவர் மெடிக்கல் ரெப் இல்லைன்னு.

வண்டி ஊருக்குள்ளேயே போகுது பாருங்க. நான் சந்தேகப்பட்டது கண்டக்டருக்குத் தெரிஞ்சு போச்சு, பயந்துட்டான்.

சரி, எந்திரிக்கிறேன். அந்தப் பொட்டலத்தைக் கொடுங்க. பாதி தின்னுட்டீங்க, பரவாயில்லை. உங்க ஆளுங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நேத்து நான் நாலு ஆணி அடிச்சு போர்டைச் சுவத்துல மாட்டிட்டேன், என் தலைக்கும் மேலே. இனி அவ வந்து எப்பவும் போல வாசல் தெளிக்கட்டும், எவ்வளவு வேணும்னாலும் வீசட்டும். அப்பவும் தமிழ் அழியலைன்னா, தண்ணி மேல குத்தமில்லைன்னு நிரூபணம் ஆயிடும். அதுக்காகவாவது அவ வரணும் சார்.